தட்டைப்பாறை வழி

வாயே ஓந்தோ, ஹோண்டுராஸ்
மார்ச் 9, 1969

அன்புத் தம்பி இலாரியோவுக்கு,

இங்கே நான், உன் மச்சான் ஹெனாரோ, நிதியா மூவரும் சுகம். நிதியாவுக்கு முன்பல் இரண்டு விழுந்து, பேசினால் காற்றுதான் வருகிறது. மற்றபடி வீட்டில் நோய்நொடி இல்லை. உன் வயிற்றெரிச்சல் எப்படி இருக்கிறது? சான் சால்வதோரில் தனியாக இருக்கிறவன், காபியைக் குடித்துவிட்டு அதையே சாப்பாடு என்று சொல்லிக்கொண்டிருப்பாய்.

மாவு மில் நன்றாக ஓடுகிறது. விடிந்ததும் பெண்கள் அவித்த சோளத்தோடு வாசலில் வந்து நிற்கிறார்கள். வம்பு பேச்சு எல்லாம் எங்கள் மில்லில்தான் முதலில் அரைபடுகிறது. இப்போதைய வம்பு நிலச் சட்டம். ஹோண்டுராஸில் பிறந்தவர்களுக்குத்தான் இனி நிலமாம். நம் எல் சால்வதோரிலிருந்து பிழைக்க வந்து, காட்டை வெட்டி உழுதவர்களுக்கெல்லாம் காலி செய்யச் சொல்லிக் காகிதம் கொடுக்கிறார்கள். நான் ஹெனாரோவிடம் கேட்டேன்: "நானும் அந்தப் பக்கத்துல பொறந்தவதானே? என்னையும் அனுப்பிடுவாங்களா?"

"உன்னை அனுப்பினா நான் யார்கூடச் சண்டை போடறது?" என்றார். "போற அன்னிக்கு மில்லத் தூக்கித் தோள்ல வெச்சுக்கிட்டு நானும் வந்துடறேன், போ."

தையல்காரர் தோன் காசிமிரோவை உனக்கு நினைவிருக்கும், நம் பக்கத்து ஆள், என் கல்யாணத்துக்கு உனக்குச் சட்டை தைத்தவர். அவருக்குக் காகிதம் வரவில்லை. "எங்கிட்ட நிலம் எங்கம்மா இருக்கு, ஊசிதான் இருக்கு" என்று சிரிக்கிறார்.

ஜூலையில் கார்மேல் மாதா திருவிழா. நிதியா தன் மாமாவைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். இந்த வருஷமாவது வா.

உன் வரவை எதிர்பார்க்கும் அக்கா,
எர்மெலிந்தா


சான் சால்வதோர்
மார்ச் 30, 1969

என் அக்காவுக்கு,

வயிறு பரவாயில்லை. பால் குடிக்கச் சொன்னார்கள், குடிக்கிறேன். காபியையும் விடவில்லை. தலையணைக்கடியில் வைத்த நிதியாவின் பல்லை எலி வந்து எடுத்துக்கொண்டு போயிற்றா என்று கேட்டதாகச் சொல்.

வேலை எப்போதும் போலத்தான். ராணுவ அலுவலகம் என்று பெயரே தவிர, என் கையில் இருப்பது பேனாவும் மையும். ஆறு, சாலை, மேடு, பள்ளம் என்று நாளெல்லாம் கோடு இழுக்கிறேன். எங்கள் பிரிவுக்கு மேஜர் உருத்தியா என்று புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். நல்ல மனிதர். என் கோடுகளைப் பார்த்துவிட்டு, "இது வரைபடமில்லப்பா, எம்பிராய்டரி" என்றார். அம்மா இருந்திருந்தால் அதைக் கேட்டு ஒரு வாரம் பேசிக்கொண்டே இருந்திருப்பாள்.

நிலச் சட்டத்தைப் பற்றி இங்கேயும் பத்திரிகையில் வருகிறது. ஒரு பத்திரிகை ஒன்றுமில்லை என்கிறது, இன்னொன்று நாடே அழியப் போகிறது என்கிறது. இரண்டையும் படித்துவிட்டுப் பேசாமல் வேலைக்குப் போகிறேன்.

திருவிழாவுக்கு நிச்சயம் வருகிறேன். அம்மாவின் தையல் மிஷின் என் அறையில் சும்மா கிடக்கிறது, இரும்பு மேஜையோடு. அது உனக்குத்தான் வர வேண்டும். நண்பனின் வண்டியில் ஏற்றிக் கொண்டுவரலாம் என்று பார்க்கிறேன். ஆனால் ஜூலை மழைக்காலம். உங்கள் ஊர் மரப்பாலம் பாரம் தாங்குமா? இல்லையென்றால் வேறு வழி உண்டா? மச்சானைக் கேட்டு எழுது.

மூவருக்கும் என் அன்பு.
இலாரியோ


வாயே ஓந்தோ
ஏப்ரல் 27, 1969

அன்புத் தம்பிக்கு,

அம்மாவின் மிஷின் வருகிறது என்று படித்ததும் அழுதுவிட்டேன். பிறகு சிரித்தேன். பிறகு நிதியா பயந்துவிட்டாள். இங்கே எல்லோரும் சுகமே. எனக்கு மட்டும் இருமல், மாவுத் தூசியால்.

உன் கேள்வியை ஹெனாரோவுக்குப் படித்துக் காட்டினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெரிய வக்கீல் போல, "எழுதிக்கோ" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவர் சொன்னது சொன்னபடி:

"பாலத்த நம்பாதேன்னு எழுது. மேல நாலு மாடு போனாலே ஆடும். நம்ம மில் எஞ்சின நான் எப்படிக் கொண்டாந்தேன்? லாரியோட தட்டைப்பாறை வழியாத்தானே! பாலத்துக்குக் கொஞ்சம் கீழ தள்ளி ஆறு வளையுதில்ல, அங்க தண்ணிக்கு அடியில முழுக்கப் பாறை, தரை மாதிரி. அடைமழையிலகூட முழங்காலுக்கு மேல தண்ணி ஏறாது. தாண்டினா காபித் தோட்டம். தோட்டத்து வண்டிப்பாதையில வந்தா நேரா கோயிலுக்குப் பின்னாடி வந்து நிக்கலாம். ஊர்ல பாதிப் பேருக்கே தெரியாது. மாப்பிள்ளைக்கு மட்டும் சொல்றேன்னு எழுது."

எழுதிவிட்டேன். போதுமா?

மேட்டு வயல் குடும்பத்தை அனுப்பிவிட்டார்கள். அவர்களும் நம் எல் சால்வதோர்க்காரர்கள்தான். ஒரு காலை வேளையில் ஆட்கள் வந்து அடுப்பை அணைக்கக்கூட விடாமல் வெளியே நிறுத்தினார்கள். சேவலைக் கட்டிக்கொண்டு நடந்து போனார்கள். நான் கதவருகே நின்றேன். கையாட்டலாமா கூடாதா என்று தெரியாமல் சால்வை முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பள்ளிக்கூடத்தில் நிதியாவை, "உங்கம்மா எந்தப் பக்கம்?" என்று கேட்டார்களாம். அவள் வீட்டுக்கு வந்து என்னைக் கேட்கிறாள்: "நீ எந்தப் பக்கம்மா?"

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


சான் சால்வதோர்
மே 18, 1969

அன்புள்ள அக்காவுக்கு,

இருமலுக்குத் தேனும் எலுமிச்சையும் சாப்பிடு. நான் நலமாக இருக்கிறேன்.

மச்சான் சொல்லச் சொல்ல நீ எழுதிய கடிதம் என் மேஜையில் இருந்தது. மேஜர் உருத்தியா எடுத்துப் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். "உன் மச்சான் பெரிய ஆளுய்யா" என்றார். எல்லோரையும் விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

இன்னும் சில விஷயங்கள் தெரிந்தால் நல்லது. காபித் தோட்டத்துப் பாதை மழைக்குப் பிறகு சேறாகுமா, கெட்டியாக இருக்குமா? தோட்டத்தின் வாசலில் பூட்டு உண்டா? பாதையில் இரண்டு வண்டிகள் ஒதுங்கிப் போக இடம் இருக்கிறதா? பாலத்தருகே உள்ள ராணுவ முகாமில் இப்போது எத்தனை பேர்? நீ முன்பு எழுதியிருந்தாயே, பாட்டுப் பாடுகிற சார்ஜென்ட், அவர் இன்னும் இருக்கிறாரா? அங்கே தந்தி இருக்கிறதா, தபால் நிலையத்துக்குத்தான் போக வேண்டுமா?

எதற்கு இத்தனை கேள்வி என்று நினைக்காதே. உனக்குத் தெரியும், நான் எதையும் முழுதாகத் தெரிந்துகொள்ளாமல் கிளம்ப மாட்டேன்.

இங்கே வெயில் அதிகம்.

இலாரியோ


வாயே ஓந்தோ
ஜூன் 10, 1969

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்து பத்துப் பதினைந்து நாள் ஆகிறது. உடனே பதில் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. பேனாவை எடுத்தால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

உன் கேள்விகளைக் கேட்டு ஹெனாரோ, "உன் தம்பி திருவிழாவுக்கு வரானா, நம்ம ஊர விலைக்கு வாங்க வரானா?" என்று கிண்டல் செய்தார். ஆனாலும் சொன்னார். பாதை சரளை, சேறாகாது. வாசலில் ஒரு சங்கிலிதான், பூட்டு இல்லை. நடுவில் காபி காயவைக்கிற களம் இருக்கிறது, அங்கே எத்தனை வண்டி வேண்டுமானாலும் ஒதுங்கலாம். முகாமில் இருபது பேர்கூட இருக்க மாட்டார்கள். பாட்டுக்காரச் சார்ஜென்டுக்கு மலேரியா வந்து குரல் போய்விட்டது. தந்தி தபால் நிலையத்தில்தான். அதுவும் மழை பெய்தால் வேலை செய்யாது. தையல் மிஷினுக்கும் தந்திக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. நீ இப்படி எழுதுகிறவன் இல்லையே, இலாரியோ. "வெயில் அதிகம்" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறாய்.

நேற்று முன்தினம் நடந்த கால்பந்து ஆட்டத்தில் ஹோண்டுராஸ் நம்மை ஒரு கோலில் ஜெயித்துவிட்டது. தெருவெல்லாம் வெடி. ஜெயித்த சந்தோஷத்தில் ஒரு கூட்டம் வந்து தோன் காசிமிரோவின் கடைப் பலகையை உடைத்துவிட்டுப் போயிற்று. தோற்றிருந்தால் உடைப்பதில் ஒரு நியாயமாவது இருக்கும். ஜெயித்துவிட்டு ஏன் உடைக்கிறார்கள்? அவர் பலகைத் துண்டுகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டே, "எனக்குப் பந்து விளையாடவே தெரியாதும்மா" என்றார்.

மில்லில் கூட்டம் குறைந்துவிட்டது. ஒருத்தி என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள்: "ஹெனாரோ அரைச்சா குடுங்க. உங்க கை பட்டது வேணாம்." பன்னிரண்டு வருஷமாக என் கையால் மாவு வாங்கியவள். நிதியா பிறந்தபோது எனக்குப் பிரசவம் பார்த்ததே அவள்தான்.

நீ வருகிற வழியைத் தெரிந்துகொண்டாய். வருகிற தேதியை எழுது.

அக்கா


சான் சால்வதோர்
ஜூன் 20, 1969

என் அக்காவுக்கு,

நீ, மச்சான், குழந்தை மூவரும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை.

இங்கே நடந்த இரண்டாவது ஆட்டத்தில் நாம் ஜெயித்தோம். அதற்கு முந்தின நாள் உங்கள் ஆட்டக்காரர்களைத் தூங்கவிடாமல் ஹோட்டல் முன்னால் ஊரே கூடித் தகரம் அடித்தது. நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். பக்கத்தில் நின்ற ஒருவன் என்னிடம் ஒரு தகரத்தைக் கொடுத்து, "அடி, அடி" என்றான். அடித்தேன். ஏன் அடித்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

எல்லையிலிருந்து ஆட்கள் வந்தவண்ணம் இருக்கிறார்கள். பள்ளிக்கூடங்களில் தங்கவைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். பத்திரிகை அதைப் பத்தாக்கிச் சொல்கிறது. அதைப் படித்துவிட்டு மந்திரிகள் பேசுகிறார்கள். அதைக் கேட்டு உங்கள் பக்கத்து மந்திரிகள் பேசுகிறார்கள். இரண்டு பக்கமும் யாருக்கும் பின்வாங்க இடமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. இந்தத் திட்டமெல்லாம் எதற்கு என்று மேஜரிடம் துணிந்து கேட்டேன். "திட்டம் போடறது சண்டை போடறதுக்கில்லப்பா, சண்டை வராம இருக்கறதுக்கு" என்றார். "எல்லா நாடும் போட்டு அலமாரியில வெச்சிருக்கும். அவங்க கிட்டயும் நம்ம ஊருக்கு ஒண்ணு இருக்கும்." அவர் சொல்வது சரிதான். எனக்குத் தெரிந்து இதற்கு முன் போட்ட எதையும் யாரும் அலமாரியிலிருந்து எடுத்ததில்லை.

அக்கா, நிதியாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. மச்சானையும் அழைத்து வா. மில்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெரிய சாலையில் வராதே. தட்டைப்பாறை வழியாகவும் வராதே. குவாத்தமாலா பக்கமாகச் சுற்றி வா. ஏன் என்று கேட்காதே.

இலாரியோ


வாயே ஓந்தோ
ஜூலை 2, 1969

அன்புத் தம்பிக்கு,

தபால் நிலையத்தில் எல் சால்வதோருக்கு இனிக் கடிதம் வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு நாடும் பேச்சை முறித்துக்கொண்டனவாம். இதைக் குவாத்தமாலா போகிற ஒரு லாரி டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். எப்போது கிடைக்குமோ. நாங்கள் சுகம் என்று எழுதக் கை வருகிறது. எழுதிவைக்கிறேன்.

எப்படி வருவேன்? ஹெனாரோவும் அவர் தம்பி துலியோவும் ஊர்க்காவலில் சேர்ந்துவிட்டார்கள். மான் சுடுகிற துப்பாக்கியோடு பாலத்தருகே மணல் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் சோறு கொண்டுபோனால் துலியோ, "அண்ணே, எதிரிப் படை சோத்தோட வருது, சுடலாமா?" என்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

வந்தால் பாலத்தின் வழியாகத்தான் வருவார்கள் என்று முகாமில் சொல்கிறார்களாம். நேற்று ஹெனாரோவிடம், "தட்டைப்பாறைப் பக்கம் யாரும் இல்லையே?" என்று கேட்டேன். "அந்த வழி நமக்கே பாதிப் பேருக்குத் தெரியாது. அவனுங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். பிறகு சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

உனக்குத் தெரியும் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. எனக்கு வந்தது. ஆனால் நீ தம்பி. 'அவனுங்க' என்பதில் உன்னைச் சேர்த்து யாரும் எண்ணுவதில்லை. நானும் எண்ணவில்லை.

அந்த வழியாகவும் வராதே என்று ஏன் எழுதினாய்? இதற்கு மட்டும் பதில் எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

அக்கா


எஸ்கிபுலாஸ், குவாத்தமாலா
ஜூலை 9, 1969

அக்கா,

எனக்கு வயிற்றில் ரத்தம் கசிந்து இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நிலைமை மோசம். மச்சான், நிதியா, நீ மூவரும் இந்தக் கடிதம் கண்டதும் கிளம்பி வரவும். மச்சான் வராமல் நீ வராதே. அவரைப் பார்க்க வேண்டும். ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம்.

இலாரியோ


வாயே ஓந்தோ
ஆகஸ்ட் 24, 1969

இலாரியோவுக்கு,

உயிரோடு இருக்கிறோம். ஹெனாரோவின் இடது கையில் குண்டு பாய்ந்து எலும்பு கூடவில்லை. நிதியா சாப்பிடுகிறாள், பேசுவது குறைவு.

ஆஸ்பத்திரியிலிருந்து நீ எழுதிய கடிதம் போன வாரம்தான் டிரைவர் கொண்டுவந்து கொடுத்தார். எல்லையில் நிறுத்திவிட்டார்களாம். ஜூலை ஒன்பதாம் தேதிக் கடிதம். அன்றே கிடைத்திருந்தால் நாங்கள் கிளம்பியிருப்போமா? நான் கிளம்பியிருப்பேன். ஹெனாரோவையும் இழுத்துக்கொண்டு வந்திருப்பேன்.

ஜூலை பதினைந்து விடிந்தபோது நான் அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். நிதியா, "அம்மா, கோயிலுக்குப் பின்னாடி லாரிச் சத்தம் கேக்குது" என்றாள். முதல் நாள் சாயங்காலம் வானத்தில் விமானம் போனதிலிருந்து அவளுக்கு எல்லாம் சத்தமாகவே இருந்தது. அதனால் அதட்டினேன். பிறகு எனக்கும் கேட்டது. காபித் தோட்டத்திலிருந்து வரிசையாக வந்தார்கள்.

பாலத்தில் இருந்தவர்கள் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். முதுகுப் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டதும், தங்கள் படைதான் உதவிக்கு வருகிறது என்று நினைத்து துலியோ எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினானாம். அப்படியே சுட்டுவிட்டார்கள். ஹெனாரோ ஆற்றில் குதித்ததால் பிழைத்தார்.

நானும் நிதியாவும் ஓடும்போது ஒரு சிப்பாய் எதிரே வந்தான். மீசைகூட முளைக்கவில்லை. "அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றான். நம் ஊர்ப் பேச்சு. அம்மா பேசுகிற மாதிரியே இழுத்துப் பேசினான். நான் திரும்பிப் போய்த் தண்ணீர் கொடுத்தேன். பயத்தாலா, பாசத்தாலா என்று கேட்காதே. எனக்குத் தெரியாது. மலைமேல் மாமியார் வீட்டில் இருந்துவிட்டு, அவர்கள் போனபிறகு திரும்பி வந்தோம். மில்லில் சுவர்தான் இருக்கிறது. எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்போது ஊரில் ஒரே பேச்சுத்தான். அந்த வழியை யார் சொன்னது? தோன் காசிமிரோவைப் பிடித்து முகாமில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் பிறந்தவர்களில் ஊரில் மிஞ்சியது அவரும் நானும்தான். நான் ஹெனாரோவின் மனைவி. அதனால் அவர். எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்துவது ஹெனாரோதான். "துலியோவுக்குச் சட்டை தைச்ச கையாலயே குழியும் வெட்டினான்" என்கிறார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீ ஆஸ்பத்திரியில் இருந்தாயா?

எர்மெலிந்தா


சான் சால்வதோர்
செப்டம்பர் 14, 1969

அக்காவுக்கு,

நீங்கள் மூவரும் உயிரோடு இருப்பதற்கு நன்றி சொல்லக் கோயிலுக்குப் போனேன். உள்ளே நுழையாமல் திரும்பி வந்துவிட்டேன்.

நான் ஆஸ்பத்திரியில் இல்லை. எஸ்கிபுலாஸுக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்து அங்கிருந்து அனுப்பச் சொன்னேன். அதற்கு மேல் எழுதினால் என்னைச் சுட்டிருப்பார்கள். சுட்டாலும் பரவாயில்லை என்று அன்று நினைக்கவில்லை. இன்று நினைக்கிறேன். இன்று நினைப்பதால் யாருக்கு என்ன பயன்.

மார்ச் மாதம் நான் கேட்டது தையல் மிஷினுக்காகத்தான். இதை நீ நம்ப வேண்டும். மே மாதக் கேள்விகள் என்னுடையவை அல்ல, கையெழுத்துதான் என்னுடையது. மேஜர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்போதும் அது அலமாரிக்குத்தான் என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். அலமாரியைத் திறந்தது யார் என்று இங்கே யாராலும் சொல்ல முடியவில்லை. அவர்கள் ஆட்களைத் துரத்தினார்கள், அதனால் நாங்கள் படையை நகர்த்தினோம், அதனால் அவர்கள் விமானத்தைத் தயார் செய்தார்கள், அதனால் நாங்கள் முந்திக்கொண்டோம் என்கிறார்கள். ஒவ்வொரு படியாகக் கேட்டால் சரியாகத்தான் இருக்கிறது. மொத்தமாகப் பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை.

படைகள் திரும்பி வந்தபோது ஊர்வலம் நடந்தது. பெண்கள் பூப் போட்டார்கள். மேஜர் இப்போது கர்னல். எனக்கும் ஒரு பதக்கம் கொடுத்தார்கள். பெட்டியைத் திறக்கவில்லை.

நீ ஜூலை இரண்டாம் தேதி எழுதியது பதினேழாம் தேதிதான் என் கைக்கு வந்தது. துலியோ உன்னைக் கேலி செய்ததாக நீ எழுதியதை அப்போதுதான் படித்தேன்.

தோன் காசிமிரோவைச் செஞ்சிலுவைக்காரர்கள் எப்படியும் மீட்டுவிடுவார்கள். நீ அவசரப்பட்டு ஒன்றும் சொல்லிவிடாதே. என் கடிதங்களையெல்லாம் எரித்துவிடு. குழந்தையை நினைத்துக்கொள்.

இலாரியோ


வாயே ஓந்தோ
அக்டோபர் 5, 1969

இலாரியோ,

உன் கடிதத்தைப் படித்த அன்று மத்தியானமே ஹெனாரோவிடம் சொல்லிவிட்டேன். செஞ்சிலுவைக்காரர்கள் வரும்வரை தோன் காசிமிரோ இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. சோறு கொண்டுபோனபோது அவர் கையைப் பார்த்தேன்.

ஹெனாரோ உடைந்த கதவுக்குக் கீல் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு கையால் முடியவில்லை, நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது சொன்னேன்: "தையல்காரர் சொல்லல. நான்தான் எழுதினேன். இலாரியோ கேட்டான், நீங்க சொன்னீங்க, நான் எழுதினேன்."

அவர் ஆணியைக் கீழே வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"எஞ்சின் கொண்டாந்த கதைய நான் யாருக்குத்தான் சொல்லல?" என்றார். கீழே வைத்த ஆணியைத் திரும்ப எடுத்து, "மாப்பிள்ளைக்கு மட்டும்னு வேற சொன்னேன்" என்றார். பிறகு வாசலில் போய் உட்கார்ந்தார். இருட்டும்வரை உள்ளே வரவில்லை.

மறுநாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு முகாமுக்குக் கிளம்பினார். "நான் சொல்றேன், நீ பேசாத" என்றார். ஆனால் நானும் போனேன். ஊரார் பாதிப் பேர் அங்கே நின்றிருந்தார்கள். ஹெனாரோ அவர்கள் முன்னால் சொன்னார்: "வழியச் சொன்னவன் நான். துலியோவோட அண்ணன் நான். காசிமிரோவ விடுங்க." மாவு வாங்க மாட்டேன் என்று சொன்ன அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அவள் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று இன்னும் யோசிக்கிறேன்.

தலைநகரிலிருந்து புதிதாக ஒரு லெப்டினன்ட் வந்திருக்கிறார். இளைஞர், மரியாதைக்காரர். எங்களை உள்ளே அழைத்து உட்காரவைத்துக் காபி கொடுத்து, வழியை யாருக்குச் சொன்னோம் என்று கேட்டார்; ஹெனாரோ உன் பெயரையும் வேலையையும் சொன்னார். மேஜைமேல் பெரிய வரைபடம் விரித்திருந்தது. தட்டைப்பாறையில் இப்போது பதுங்குகுழி வெட்டுகிறார்களாம். எல்லைக் காவலுக்குப் புதிய திட்டம் தயாராகிறதாம்.

"தோன் ஹெனாரோ, உங்க மேல எனக்குக் கோபம் இல்ல" என்றார். "வாய் தவறிச் சொல்றது எல்லா ஊர்லயும் நடக்கறதுதான். உங்க மச்சினர் வரைபடப் பிரிவுலயா இருக்காரு?"

ஹெனாரோ தலையைக் குனிந்துகொண்டார். லெப்டினன்ட் என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, தையல்காரரை நான் விட்டுடறேன். வியாழக்கிழமை செஞ்சிலுவை வண்டியில எல்லையத் தாண்டிடலாம். நீங்க தம்பிக்கு வழக்கம்போலக் கடுதாசி போடுங்க. உடம்ப விசாரிச்சு ஆரம்பிங்க, அப்பத்தான் இயல்பா இருக்கும். நடுவுல நாங்க சொல்ற நாலஞ்சு விஷயத்தக் கேளுங்க. அவங்க பக்கத்து ரோடு, பாலம், அவ்வளவுதான்."

"எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"சண்டைக்கு இல்லம்மா. மறுபடி சண்டை வராம இருக்கறதுக்குத்தான்" என்றார். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் ஹெனாரோவிடம் என்ன செய்வது என்று கேட்டேன். "எழுது. அந்த மனுஷன் போய்ச் சேரட்டும்" என்றார். "ஆனா இந்தத் தடவ நீயே எழுது. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

இந்தக் கடிதம் தோன் காசிமிரோவின் கோட்டுக்குள் வருகிறது. அவர் விரல்கள் மடங்கவில்லை. உள்துணியை எப்படிப் பிரிக்க வேண்டும், எங்கே தையல் போட்டால் தெரியாது என்று அவர் சொல்லச் சொல்ல நானே வைத்துத் தைக்கிறேன். சான் சால்வதோரில் அவருக்கு யாரும் இல்லை. உன் அறையில் இடம் கொடு. பதக்கத்தைக் காட்டாதே.

லெப்டினன்ட் சொன்ன கடிதத்தையும் இன்றைக்கே எழுதியாக வேண்டும். நன்றாகவே எழுதுவேன். இல்லாவிட்டால் வியாழக்கிழமை வண்டி கிளம்பாது. அது உனக்குக் குவாத்தமாலா வழியாக வந்து சேரும். நிதியாவின் படிப்பு, மில்லுக்குக் கூரை போட்டது எல்லாம் அதில் இருக்கும். எல்லாம் என் கையெழுத்துதான். படித்தால் நான் பேசுவது போலவே இருக்கும். அதற்கு அடுத்ததும் வரும், அதற்கு அடுத்ததும் வரும்.

எதற்கும் நீ பதில் எழுதாதே.

அக்கா